இரண்டு வாண்டுகளோடு கடலுக்கு மூன்று நாள்: ராமேஸ்வரம் பக்கம் சரியாக வருமா?

ஈரோட்டு_அம்மா

வணக்கம். நாங்கள் ஐந்து பேர். நான், வீட்டுக்காரர், அத்தை (மாமியார்), யூகேஜி படிக்கும் மகள், இரண்டே கால் வயது மகன். மகள் இன்னும் கடலைப் பார்த்ததில்லை. பவானிசாகர் அணையைக் காட்டி "இதுதான் கடல்" என்று என் தம்பி ஒருமுறை அளந்து விட்டிருக்கிறான். இவள் அதை நம்பி ஸ்கூலில் போய்ச் சொல்ல, மற்ற பிள்ளைகள் சிரிக்க, வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. ஆகவே இந்தக் காலாண்டு லீவில் நிஜக் கடலைக் காட்டியே தீர வேண்டும்.

எங்கே போவது என்பதில்தான் தகராறு. அவர் மொபைலில் எதையோ பார்த்துவிட்டு, கேரளாவில் இருக்கும் வர்க்கலா என்கிறார். அத்தைக்கு ராமேஸ்வரம் போய் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட வேண்டும், முழங்கால் வலியோடு. மகளுக்கு மணல் வீடு கட்ட இடம் இருந்தால் போதும். மகனுக்கு வாயில் போட ஏதாவது இருந்தால் போதும், மணலாக இருந்தாலும் சரி.

என் பிரச்சினை வேறு. எனக்குத் தண்ணீர் என்றால் பயம். கொடுமுடிப் பக்கம் வளர்ந்தவள். சின்ன வயதில் ஒரு ஆடிப்பெருக்கு அன்று சித்தி பையனைக் காவிரி இழுத்துக்கொண்டு போனதைப் படித்துறையில் நின்று பார்த்தேன். பரிசல்காரர் ஒருவர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார், பிழைத்துவிட்டான். இன்றைக்கும் எங்காவது தண்ணீரைக் கண்டால் என் கை தானாகப் பிள்ளைகளின் சட்டையைப் பிடித்துக்கொள்கிறது. நான் பயந்து பயந்து அவர்களையும் பயந்தாங்கொள்ளிகளாக ஆக்கிவிடுவேனோ என்று ஒரு பக்கம் கவலை.

இரண்டு குழந்தைகளும் தைரியமாக உட்கார்ந்து விளையாடுகிற மாதிரி, அலை அதிகம் இல்லாத கடல் எங்கே இருக்கிறது? காரில்தான் வருகிறோம். செப்டம்பர் கடைசி வாரம். சிறு பிள்ளைகளோடு போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பொறையாறு_வாசி

எங்கள் தரங்கம்பாடிக்கு வாருங்கள் என்று சொல்லத்தான் ஆசை. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, அதன் பக்கத்திலேயே கடல் அரித்தது போக மிச்சம் இருக்கிற மாசிலாமணிநாதர் கோயில், அந்தக் காலத்து வீதிகள் என்று பொறுமையாகப் பார்க்கலாம். கூட்டமும் குறைவு. ஆனால் உங்கள் கேள்வி வேறு. கரையில் பல இடங்களில் அரிப்புக்காகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள், அதன் மேல் இரண்டு வயதுப் பையனை விட முடியாது. அலையும் பலம். பிள்ளைகள் ஆறாவது ஏழாவது படிக்கும்போது வாருங்கள், கோட்டைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதை சொல்லலாம்.

வர்க்கலாவைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே செங்குத்துப் பாறை, கீழே கடல். படியில் இறங்கி ஏற வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி என்கிறீர்கள். தென்மேற்குப் பருவமழை முடிகிற நேரம், அந்தப் பக்கத்துக் கடல் இன்னும் கோபம் தணியாமல்தான் இருக்கும்.

ரெண்டுகுட்டி_அப்பா

சென்னையில் இருக்கிறேன். இடம் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, அறை. இரண்டு வருஷம் முன்பு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் "கடல் தெரியும் அறை" என்று கூடுதலாக வாங்கிக்கொண்டார்கள். பாத்ரூம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி, ஜன்னல் வழியாக இடது பக்கம் எட்டிப் பார்த்தால் கடல் தெரிந்தது. பொய் சொல்லவில்லை பாருங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கடல் தெரிவது முக்கியமே இல்லை. வெந்நீர் வருகிறதா, கெட்டில் இருக்கிறதா, கீழ்த்தளமா, பால்கனிக் கம்பியில் குழந்தையின் தலை நுழையுமா என்று போன் செய்து கேளுங்கள். கம்பி இடைவெளியைக் கேட்டால் சிரிப்பார்கள், பரவாயில்லை.

இரண்டு, உடை. கோவளத்தில் (நம்ம சென்னைக் கோவளம்) என் மூத்தவனுக்கு நீல டீ-ஷர்ட் போட்டுக் கூட்டிப் போனேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஐஸ்கிரீமுக்குச் சில்லறை எண்ணிவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். கடலும் நீலம், பாதிப் பிள்ளைகளின் சட்டையும் நீலம். நாலு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ, என் மனைவி தண்ணீருக்குள்ளேயே ஓடிவிட்டாள். அவன் பஜ்ஜிக் கடைக்குப் பின்னால் நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கடற்கரைச் சீருடை ஆரஞ்சு. தண்ணீரிலும் தெரியும், மணலிலும் தெரியும். கையில் போன் நம்பரைப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிவிடுவேன். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், வேர்வையில் அழிந்துவிடும்.

அப்புறம், "ரெண்டு பேரும் பார்த்துக்கலாம்" என்று இருக்காதீர்கள். எங்கள் வீட்டில் அன்று அப்படித்தான் இருந்தோம், ஒருத்தரும் பார்க்கவில்லை. இப்போது வாய்விட்டுச் சொல்லிக்கொள்வோம்: "இனி உன் முறை."

மண்டபத்துப்_பொண்ணு

தோழி, நான் மண்டபத்தில் பிறந்தவள். அப்பாவுக்கு நாட்டுப்படகு இருந்தது. கல்யாணமாகி இப்போது திருப்பூரில் இருக்கிறேன். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பிள்ளைகளோடு ஊருக்குப் போவேன். நீங்கள் கேட்கிற கடல் எங்கள் ஊர்ப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் எந்தக் கரை என்று தெரிந்து போக வேண்டும்.

எங்கள் நிலம் கடலுக்குள் நீட்டிய நாக்கு மாதிரி. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடகடலைப் பெண் கடல் என்பார்கள், தென்கடலை ஆண் கடல் என்பார்கள். பெண் கடல் எப்போதும் சாது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. காற்றைப் பொறுத்தது. வைகாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும் கச்சான் காற்று, அதாவது தென்மேற்கிலிருந்து அடிப்பது. அப்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடைக் காற்று வந்தால் கதை தலைகீழ். வடகடல் கலங்கிக் கரையை அறையும், தென்கடல் அடங்கிவிடும். நீங்கள் வருவது செப்டம்பர் கடைசி என்பதால் வடக்குக் கரைக்குத்தான் போக வேண்டும்.

அதில் அரியமான். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற ரோட்டில் உச்சிப்புளி தாண்டி இடது பக்கம் திரும்ப வேண்டும். சவுக்குத் தோப்பு நிழல், பிள்ளைகள் விளையாட ஊஞ்சல், அப்புறம் மணல். தண்ணீரில் நடந்துகொண்டே இருப்பீர்கள், முழங்காலைத் தாண்டாது. அலை என்று பார்த்தால் தட்டில் தண்ணீர் ஆடுகிற மாதிரி ஒன்று வரும். உங்கள் பையன் உட்கார்ந்தே விளையாடலாம். கரையில் கரும்பச்சையாக நாடா நாடாவாக ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்து அழுக்கு என்று முகம் சுளிக்க வேண்டாம். அது கடற்புல், ஆவுளியா மேய்கிற புல். ஆவுளியா என்றால் கடல் பசு. மகளிடம் சொல்லுங்கள், மணல் வீட்டுக்குக் கூரை போட அதைவிட நல்ல சாமான் கிடையாது.

இனி நான் சொல்லப் போவதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். மேலே யாரும் சொல்லவில்லை.

வடகடல் அந்த மாதத்தில் ஏன் சாதுவாக இருக்கிறது? காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிறது, அதனால்தான் அலை எழும்புவதில்லை. அதே காற்று, மிதக்கிற எதையும் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும். என் தம்பிக்கு அப்போது ஆறு வயது. லாரி ட்யூப் ஒன்றில் மல்லாந்து படுத்துக்கொண்டு கரையோரம் மிதந்துகொண்டிருந்தான். நாங்கள் கரையில் பாசி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். அலை இருந்தால் ட்யூப் கவிழும், அவன் கத்துவான், யாராவது திரும்பிப் பார்ப்போம். அலையே இல்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட நிமிர்ந்து பார்த்தால் ட்யூப் ஒரு மிளகு அளவுக்குத் தெரிகிறது. அப்பா வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார். கிட்டே போய்ப் பார்த்தால் பயல் தூங்கிக்கொண்டிருக்கிறான்! அப்பா திட்டவில்லை, அடிக்கவில்லை. கரைக்கு வந்ததும் வெற்றிலை அரிகிற கத்தியை எடுத்து ட்யூப்பைக் கிழித்து அடுப்பில் போட்டார். தெருவே நாறியது.

எனவே வாத்து ட்யூப், மிதக்கிற மெத்தை, காற்றடைத்த பந்து எதையும் தண்ணீர்ப் பக்கம் கொண்டு போக வேண்டாம். கடலைப் பார்த்து நில்லுங்கள். காற்று முதுகில் அடித்தால் மிதக்கிற சாமான் எல்லாம் காருக்குள். அப்படியே ஏதாவது போய்விட்டால் போனது போனதுதான், யாரும் அதைத் துரத்தி நீந்தக் கூடாது. நீங்கள் நீந்துவதைவிட அது வேகமாகப் போகும். நீந்தத் தெரிந்த ஆண்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

தண்ணீரில் பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலோடு இழுத்து இழுத்து நடக்கச் சொல்லுங்கள். திருக்கை மணலுக்குள் படுத்திருக்கும். மிதித்தால்தான் வாலால் அடிக்கும், கால் உரசி வருவது தெரிந்தால் அதுவாகவே விலகிப் போகும். பிள்ளைகளுக்கு இதை ரயில் விளையாட்டாக ஆக்கிவிடலாம்.

தனுஷ்கோடி போகாமல் இருக்க மாட்டீர்கள், போங்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் போன ஊர். இடிந்த தேவாலயச் சுவர் இன்னும் நிற்கிறது. அரிச்சல்முனை வரைக்கும் ரோடு இருக்கிறது. ஆனால் அது பார்க்கிற கடல், இறங்குகிற கடல் அல்ல. இரண்டு கடலும் சேருகிற இடம், கரை சட்டென்று இறங்கும், நீரோட்டம் இழுக்கும். அங்கே பிள்ளைகளை இடுப்பை விட்டு இறக்காதீர்கள். நிழல் கிடையாது, கச்சான் காற்றில் மணல் கண்ணில் அறையும். காலையில் போய் அரை மணி நேரத்தில் திரும்பிவிடுங்கள்.

அத்தையம்மா விஷயம். முதலில் காலண்டரில் புரட்டாசி அமாவாசை என்றைக்கு என்று பாருங்கள். மகாளய அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் நிற்க இடம் இருக்காது, ரூம் வாடகையும் கூடிவிடும். அந்த நாளை விட்டு இரண்டு மூன்று நாள் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டுக் கோயிலுக்குள் போனால் கிணறு கிணறாக வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். கல் தரை முழுக்க ஈரம், வழுக்கும், நடையும் நிறைய. முழங்கால் வலிக்கு இதுதான் சிரமம். வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போகட்டும். பிள்ளைகளை அதற்குக் கூட்டிப் போகவே வேண்டாம். அரைத் தூக்கத்தில் தலையில் வாளித் தண்ணீர் விழுந்தால் அப்புறம் மூன்று நாளைக்கு எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் அழுவார்கள். நீங்கள் ரூமில் தூங்க வையுங்கள். தீர்த்தமாடிய ஈரத் துணியோடு சுவாமி தரிசனத்துக்குப் போக முடியாது, மாற்றுப் புடவை கையோடு இருக்கட்டும்.

இன்னொன்று, உங்கள் மகளுக்காக. ராமநாதபுரத்தில் நீங்கள் நாலு பேரும் ரயில் ஏறுங்கள், அவர் காரை ரோட்டுப் பாலத்தில் ஓட்டி வரட்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தில் போகும்போது ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் மட்டும்தான் தெரியும். கடலை முதல்முதலாக அப்படிப் பார்க்கட்டும். அணைக்கட்டுக் கதை அதோடு ஒழிந்தது.

வார்டு_நைட்டிங்கேல்

குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். கொஞ்சம் சேர்க்கிறேன்.

கடலில் விளையாடும் நேரம் காலை ஆறிலிருந்து எட்டரை, சாயங்காலம் நாலரைக்கு மேல். நடுவில் தூக்கம், நிழல். ராமநாதபுரத்து வெயில் செப்டம்பரிலும் சும்மா இருக்காது. இரண்டு வயதுக் குழந்தை தாகம் என்று சொல்லத் தெரியாமல் விளையாடிக்கொண்டே இருக்கும், நீங்கள்தான் கால் மணிக்கு ஒரு தடவை இரண்டு மடக்கு கொடுக்க வேண்டும். ஓஆர்எஸ் பொட்டலம் நாலு கையில் இருக்கட்டும். சாதாரண டயப்பர் கடல் தண்ணீரைக் குடித்து ஊதி, மணலும் சேர்ந்து தொடையிடுக்கை அறுத்துவிடும். நீச்சலுக்கான டயப்பர் வாங்குங்கள், இல்லாவிட்டால் வெறும் பருத்தி ஜட்டி போதும். கண்ணில் மணல் விழுந்தால் கசக்க விடாமல் நல்ல தண்ணீரைச் சாய்த்து ஊற்றுங்கள்.

சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்ப்பது, நல்ல தண்ணீரில் கழுவுவது இரண்டும் கூடாது. கடல் தண்ணீராலேயே அலசி, ஒட்டியிருக்கும் நூலைத் துணியைச் சுற்றிக்கொண்டு எடுத்துவிட்டு, பொறுக்கிற சூட்டு வெந்நீரில் அந்த இடத்தை வைத்திருங்கள். சின்னக் குழந்தைக்கு வைக்கும் முன் சூட்டை உங்கள் கையில் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறினாலோ, முகம் வீங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரி.

யாழ்_கரையோரம்

மண்டபத்து அக்கா சொல்லுற கடலின்ர மற்றக் கரையில், யாழ்ப்பாணத்தில் நான் இருக்கிறேன். எங்கட காரைநகர் கசூரினாக் கடற்கரையும் இதே மாதிரித்தான், கனதூரம் நடந்தாலும் ஆழமில்லை. பேரே சவுக்கு மரத்தால் வந்தது. இங்கேயும் சின்னப் பிள்ளைகளைத் தைரியமாய் இறக்கலாம் எண்டுதான் சனம் வரும், வந்து ட்யூப்போடு நிக்கும். கச்சான் காற்றுக்கு எங்கட பக்கமும் அதே எச்சரிக்கைதான்.

ஈரோட்டு_அம்மா

எல்லோருக்கும் நன்றி. வர்க்கலா ரத்து. அத்தை இப்போதே மண்டபத்துப் பொண்ணை "அந்தப் புள்ள" என்று உரிமையோடு சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

முதல் நாள் ராத்திரி மதுரையில் படுத்துவிட்டு, மறுநாள் ராமநாதபுரம், அங்கிருந்து ரயில். ராமேஸ்வரத்தில் ஒரு ராத்திரி, அடுத்த நாள் காலையில் கோயில், அரிச்சல்முனை, சாயங்காலம் மண்டபத்துக்கு வந்து படுக்கை. அதற்கு மறுநாள் விடிந்ததும் அரியமான். அமாவாசை கழிந்து நாலாவது நாள் கிளம்புகிறோம்.

இரண்டு சந்தேகம். மகளுக்கு ஏற்கெனவே ஈரோட்டு மணிக்கூண்டுப் பக்கம் ஒரு பெரிய பந்து வாங்கிக் கொடுத்துவிட்டார் இவர். தர்பூசணி மாதிரிக் கோடு போட்டது. அதை எடுத்து வராதே என்றால் வீடு ரெண்டாகிவிடும். மணலில் மட்டும் விளையாடினால் சரிதானே? அப்புறம், அத்தை சைவம். நாங்கள் மீன் சாப்பிடுவோம். என்ன செய்வது?

மண்டபத்துப்_பொண்ணு

சாப்பாடு கவலையே இல்லை. ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றிச் சைவக் கடைகள்தான் அதிகம். நீங்கள் மண்டபத்துக்கு வந்ததும் மீன் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குச் சீலா, பாறை மாதிரி முள் குறைந்ததாகக் கேளுங்கள். பொரித்ததில் காரம் கூடுதலாக இருக்கும், மசாலாவைச் சுரண்டிவிட்டுக் கொடுங்கள்.

பந்து: சவுக்குத் தோப்புக்குள் விளையாடட்டும், மரங்கள் பிடித்துக்கொள்ளும். மணலுக்குக் கொண்டு வந்தால் அது தண்ணீருக்குத்தான் போகும். மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இன்னொரு விஷயம், நீங்கள் முதலில் எழுதினீர்களே, பயந்து பயந்து பிள்ளைகளையும் பயந்தாங்கொள்ளி ஆக்கிவிடுவேன் என்று. எங்கள் அப்பா நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். கரையில் யார் பிள்ளை தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றாலும் முதலில் சத்தம் போடுவது அவர்தான்.

ஈரோட்டு_அம்மா (பன்னிரண்டு நாள் கழித்து)

போய் வந்துவிட்டோம். எழுதாமல் இருந்தால் மண்டபத்துப் பொண்ணு திட்டும்.

ரயில் பாலத்தில் ஏறியதும் மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் ஏதாவது சொல்வாள் என்று போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பாலம் முடிந்து தென்னை மரம் வந்ததும் திரும்பிப் பார்த்து, "மாமா பொய் சொல்லிட்டாரு" என்றாள். அவ்வளவுதான். தம்பிக்கு போன் போட்டுக் கொடுத்தேன், அவள் பேச மாட்டேன் என்றுவிட்டாள். இன்னும் பேசவில்லை.

அத்தை இருபத்திரண்டு கிணறும் முடித்தார். பத்தாவதோ பதினொன்றாவதோ கிணற்றில் இவர் வழுக்கி உட்கார்ந்துவிட, அத்தைதான் கை கொடுத்துத் தூக்கிவிட்டாராம். ரூமுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். முழங்கால் வலி ஊருக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அரிச்சல்முனையில் இருபது நிமிஷம். பையனின் தொப்பி காற்றில் போனது. இறக்கவில்லை, இடுப்பிலேயே வைத்திருந்தேன்.

அரியமான் பற்றித்தான் எழுத வேண்டும். காலை ஆறே காலுக்குப் போய்விட்டோம். நான் முதலில் செய்த காரியம் கடலைப் பார்த்து நின்றதுதான். காற்று முதுகில். இவரிடம் சொன்னேன், "சரிம்மா, கேப்டன்" என்றார் கிண்டலாக. பிள்ளைகளுக்கு ஆரஞ்சுச் சட்டை, கையில் நம்பர். நானும் இறங்கினேன். முழங்கால் வரைக்கும், அப்புறம் உட்கார்ந்தேன், தொடை வரைக்கும். பையன் என் மடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் உட்கார்ந்து மணலை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டே இருந்தான். எத்தனையோ வருஷம் கழித்து, ஓடாத ஒரு தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். மகள் கடற்புல் கூரை போட்டு மூன்று வீடு கட்டினாள். ஒன்று ஆவுளியாவுக்கு.

பந்து தோப்புக்குள்தான் இருந்தது. எட்டு மணி வாக்கில் பையன் அதைத் தள்ளிக்கொண்டு மணலுக்கு வந்துவிட்டான். நான் பிடிக்க எழுவதற்குள் உருண்டு, தண்ணீரைத் தொட்டு, திரும்பி வரவேயில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, பந்து மட்டும் யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி நேராகப் போகிறது. மகள் அலறினாள். இவர் சட்டையைக் கழற்றிவிட்டு ஓடினார். காலேஜில் நீச்சலில் கப் வாங்கியவர். இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் போய்விட்டார். பந்து பத்தடி தள்ளித்தான் இருந்தது, அவர் போகப் போக அதே பத்தடி.

"விடுங்க!" என்று கத்தினேன் பாருங்கள், தோப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் அப்படிக் கத்தியதில்லை. அத்தை முன்னால் வேறு. அவர் நின்று திரும்பிப் பார்த்தார். பந்து அப்போதே இருபது முப்பது அடி போய்விட்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, காலை மணலோடு இழுத்து இழுத்து நடந்து வந்தார், திருக்கைக்காக. அத்தை துண்டை எடுத்து அவர் தலையில் போட்டு, "அவ சொன்னா கேளு" என்று மட்டும் சொன்னார்.

மகளைச் சமாதானப்படுத்த, பந்து யாழ்ப்பாணத்துக்குப் போகிறது, அங்கே ஒரு மாமா எடுத்து வைத்திருப்பார் என்று சொல்லிவிட்டேன். இந்த மாமாவாவது பொய் சொல்ல மாட்டாரா என்று கேட்கிறாள்.

யாழ்_கரையோரம்

அக்கா, இண்டைக்குப் பின்னேரமும் கரைக்குப் போய்ப் பார்த்தனான். பந்து இன்னும் வந்து சேரேல்லை. வந்தால் எடுத்து வைக்கிறன் எண்டு பிள்ளையிட்டச் சொல்லுங்கோ. தொப்பியும் வருமோ?